பெர்மிட் கலாஸ்

டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் பேப்பர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒழுங்காக வேலை பார்த்தால் உங்களை ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் டிரைவருக்குப் பெயர். புது லோடு கிடைத்தால் மார்க்கெட்டிங்காரருக்குப் பெயர். பெர்மிட் நடப்பில் இருக்கிறது என்பதற்காக யாரும் யாருக்கும் இதுவரை பிரியாணி வாங்கிக் கொடுத்ததில்லை. அது காலாவதியாகிற அன்றைக்குத்தான் உங்கள் பெயர் கம்பெனி முழுக்கத் தெரியவரும். எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

துபாய் அல் கூஸில் ஒரே கம்பெனியில் பதினாறு வருடம் இருந்தேன். முதலாளி கீழக்கரைக்காரர். நாங்கள் எல்லோரும் அவரை பாய் என்போம். அவர் எங்கள் எல்லோரையும், டீ கொண்டுவருபவர் உட்பட, சார் என்பார். ஓடுகிற வண்டிகள் பதினொன்று, டிரைவர்கள் பதினொரு பேர். ஒர்க்‌ஷாப்புக்கு மேலே தகரப் படியேறிப் போனால் ஆபீஸ். அங்கே எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும் வேலையை ஒரு பெண் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், என்னை அண்ணை என்பார். பெயரைச் சொல்ல மாட்டேன். தன்னைப் பற்றி எழுதியிருப்பது தெரிந்தால், "உங்களுக்கு வேற வேலை இல்லையோ" என்று போனிலேயே எரிந்து விழுவார். இதை அவரைப் புகழத்தான் எழுதுகிறேன். நடுவில் என் முட்டாள்தனமும் வரும். அதைச் சொல்லாமல் அவர் பெருமையைச் சொல்ல முடியாது.

பெர்மிட் என்று எதைச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி நடத்த எமிரேட் கொடுக்கும் டிரேட் லைசென்ஸ் ஒன்று உண்டு. அதை வைத்து ஆபீஸ் திறக்கலாம், போர்டு மாட்டலாம். ஆனால் சரக்கை ஏற்றிக்கொண்டு எமிரேட் விட்டு எமிரேட், நாடு விட்டு நாடு ஓட, அமைச்சகம் தரும் கூட்டரசு அனுமதி வேண்டும். அதைத்தான் நாங்கள் பெர்மிட் என்போம். எல்லா வண்டிகளும் எல்லா டிரைவர்களின் விசாவும் கடைசியில் அந்த ஒரு ஃபைலில்தான் தொங்குகின்றன. அது காலாவதியான பிறகும் தெரிந்தே வண்டி ஓட்டிப் பிடிபட்டால் ஃபைலைப் பூட்டிவிடுவார்கள். பூட்டினால் பதினொரு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அரசாங்க வேலைகளுக்காக அலைவதற்கு எல்லாக் கம்பெனியிலும் ஒரு மந்தூப் இருப்பார். எங்கள் மந்தூப் சூடான்காரர், நல்ல மனிதர். அரபியும் கொஞ்சம் உடைந்த இந்தியும் பேசுவார். நான் உடைந்த இந்தியும் அதைவிட உடைந்த அரபியும் பேசுவேன். இப்படியே பத்து வருடம் ஓட்டினோம். பெர்மிட் புதுப்பிக்க வேண்டிய வாரத்தில் ஒருநாள் மத்தியானம் அவரைப் போனில் பிடித்தேன். பின்னால் ஏதோ கவுண்டரில் டோக்கன் எண்ணைக் கூப்பிடும் சத்தம்.

"பெர்மிட் க்யா ஹுவா?" என்றேன். பெர்மிட் என்ன ஆச்சு என்று கேட்கிறேன்.

"பெர்மிட் கலாஸ், சதீக். மை பாத் மே போல்தா," என்று வைத்துவிட்டார். அப்புறம் சொல்கிறேன் நண்பா என்கிறார்.

கலாஸ். வளைகுடாவில் இறங்கிய இரண்டாம் நாளே நாமெல்லாரும் கற்றுக்கொள்ளும் வார்த்தை. வேலை கலாஸ் என்றால் முடித்தாயிற்று. டீசல் கலாஸ் என்றால் தீர்ந்துவிட்டது. ஒரே வார்த்தைதான். என் காதில் விழுந்தது முதல் கலாஸ், அவர் சொன்னது இரண்டாவது. புதுப்பித்தாயிற்று என்று நான் குளிர்ந்துபோனேன். இன்றோடு தீர்ந்தது என்று அவர் தகவல் சொல்லியிருக்கிறார்.

இதில் கொடுமை என்னவென்றால், தமிழும் என்னைக் காப்பாற்றவில்லை. பாய் எதிரே வந்து, "என்ன சார், பெர்மிட்?" என்றார். "முடிஞ்சுது பாய்," என்றேன். அவர் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுப் போனார். ரிஜிஸ்டரில் பெர்மிட் என்ற வரிக்கு எதிரே 'முடிந்தது' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். அதைவிட உண்மையான வாக்கியத்தை நான் அந்த ரிஜிஸ்டரில் எழுதியதே இல்லை.

மந்தூப் சொன்னபடியே அப்புறம் சொல்லத்தான் செய்தார். அன்று சாயங்காலம் வாட்ஸப்பில் இரண்டு நிமிட வாய்ஸ் அனுப்பினார், முழுக்க அரபியில். வேலை முடிந்த சந்தோஷத்தில் எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டேன். என் கட்டைவிரலைப் பார்த்து அவரும் நிம்மதியாகிவிட்டார்.

எட்டு நாள் வண்டிகள் ஓடின. அந்த வாரம் எல்லாம் உள்நாட்டு லோடு, எங்கேயும் யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் கோவில்பட்டி டிரைவர் ஓமன் எல்லையிலிருந்து கூப்பிட்டார். சோஹாருக்கு டைல்ஸ் ஏற்றிப் போயிருந்தார்.

"சார், வண்டிய ஓரங்கட்டச் சொல்லிட்டாங்க. கம்பெனி பெர்மிட் முடிஞ்சுட்டுன்னு சொல்லுதாரு."

"ஆமாப்பா, அது போன வாரமே முடிஞ்சுதே," என்றேன்.

"அதத்தான் சார் அவரும் சொல்லுதாரு. போன வாரமே முடிஞ்சுட்டுன்னு."

போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எதிர் மேசையில் அந்தப் பெண் வண்டிகளின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்த விதத்திலேயே அவருக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும்.

"என்ன அண்ணை?"

சொன்னேன். கலாஸையும் சொன்னேன், கட்டைவிரலையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எதையும் ஒப்புக்கொண்டதில்லை. நானாக இருந்தால் எதிராளியைப் பார்த்து, 'இப்படிப் பண்ணலாமா' என்று ஒரு கால்மணி நேரமாவது கேட்டிருப்பேன். அவர் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீங்கள் பேப்பரைக் கண்ணால பார்க்கேல்லை, அப்படித்தானே?"

"பாக்கலை."

"சரி. எல்லா வண்டியையும் நிப்பாட்டுவம்."

பாய் அன்று ஷார்ஜாவில் இருந்தார். அவரிடம் கேட்டுவிட்டு நிறுத்தலாம் என்றேன். "நிப்பாட்டிப்போட்டுக் கேப்பம். கேட்டுப்போட்டு நிப்பாட்டினால் அதுக்குள்ள பத்துக் கிலோமீற்றர் ஓடியிடும்," என்று சொல்லிக்கொண்டே முதல் டிரைவருக்கு எண்ணை அழுத்திவிட்டார்.

நீங்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவர் மாதச் சம்பளத்துக்காரர், அந்த நாட்டில் எங்களைப் போலவே விசாவில் இருப்பவர். பதினொரு லோடு நிற்கும், பெரிய வாடிக்கையாளர் கையை விட்டுப் போகலாம், முதலாளி சீறலாம். எல்லாம் அவருக்குத் தெரியும். அவருடைய கை ஒரு நொடி கூடத் தயங்கியதை நான் பார்க்கவில்லை.

நின்ற இடத்தில் நில் என்று கத்திவிட்டு வைத்துவிடவும் இல்லை. ஒவ்வொருவரிடமும் எந்த இடத்தில் இருக்கிறார் என்று கேட்டார். வரைபடத்தைப் பார்த்தார். "உங்களுக்கு முன்னால ஒரு பெற்றோல் செட் வருகுது. அங்க விடுங்கோ. நிழலும் தண்ணியும் கக்கூசும் இருக்கோணும். வண்டியை நிப்பாட்டின உடனே ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ," என்றார். பாகிஸ்தானிப் பட்டாணி டிரைவர்களிடம் இதையே இந்தியில் சொன்னார். ஏன் என்று கேட்டவர்களிடம், பெர்மிட் காலாவதி, பிழை ஆபீசில், உங்களில் இல்லை என்றார். பிழை யாருடையது என்று என் பெயரைச் சொல்லவில்லை. பத்தேகால் மணிக்குப் பதினொரு வண்டிகளும் நின்றுவிட்டன.

ஒரு வண்டியில் உறைந்த கோழி இருந்தது. ஃபுஜைராவுக்குப் போகிற வழியில் தைத் பக்கம் நின்றது. ஆகஸ்ட் மாதம். ஃப்ரீஸரை எவ்வளவு நேரம் ஓட விடுவது? எங்களுக்குப் போட்டியான ஒரு கம்பெனியில் இவரைப் போலவே வண்டி அனுப்பும் ஒரு மலையாளி இருந்தார். அவரைக் கூப்பிட்டு உள்ளது உள்ளபடி சொன்னார். வாடிக்கையாளரைத் தட்டிக்கொண்டு போக அவர்களுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. ஆனால் அவர் அரை மணியில் ஒரு குளிர்வண்டியை அங்கே திருப்பிவிட்டார். பெட்டிகள் மாறின, கோழி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அப்படிச் செய்யும்படி இவர் அதற்கு முன் அவருக்கு என்னென்ன உதவி செய்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. இவர் சொல்லவும் மாட்டார்.

அதற்குப் பிறகுதான் பாய் போன் வந்தது. யாரோ வாடிக்கையாளர் அவரைக் கூப்பிட்டுவிட்டார். அந்தப் பெண் அதை ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னம்மா இது, என்னைக் கேக்காம மொத்த வண்டியையும் நிறுத்தியிருக்கிய? பார்டர் தாண்டுற வண்டி மட்டும் நிக்கட்டும். உள்ளூர்ல ஓடட்டும். எட்டு நாள் ஓடலியா? இன்னிக்கு ஒருநாள்தானே."

"எட்டு நாள் எங்களுக்குத் தெரியாது பாய். இண்டைக்குத் தெரியும்."

"யாரு பாக்கப் போறா?"

"பார்க்காட்டில் பிரச்சினை இல்லை. வழியில ஒரு வண்டி ஆரையேன் தட்டினால்? பெர்மிட் இல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ்காரன் வரமாட்டான். டிரைவரைத்தான் உள்ள வைப்பாங்கள். அந்த மனுசனுக்குப் பதிலா நீங்கள் போவியளோ?"

அறையில் அவரைத் தவிர நான் ஒருவன்தான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முதலாளியிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பெண்ணின் குரல் உயரவும் இல்லை. டீயில் சர்க்கரை போடவா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

பாய், "கஸ்டமர் லிஸ்டை அனுப்பும்மா. நானே பேசிக்கிறேன்," என்றார். பேசவும் செய்தார். வண்டி பஞ்சர், டிரைவருக்குக் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளிப்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். அவர் ஒவ்வொருவரிடமும் எங்கள் பெர்மிட் காலாவதியாகிவிட்டது, தப்பு எங்களுடையது என்றே சொன்னார். ஒருவர் கோபித்துக்கொண்டு போனார், மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பாய்மேல் எனக்கு மரியாதை எப்போதும் உண்டு. அன்றைக்கு அது கூடியது.

என் பங்குக்கு நான் மந்தூப்பைப் பிடித்தேன். அவர் பாவம், திகைத்துப்போனார். வாய்ஸில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். பெர்மிட் இன்றோடு முடிகிறது, பன்னிரண்டாவதாக ஒரு பழைய லாரி நம் ஃபைலில் இருக்கிறது, அதன் முல்கியா, அதாவது பதிவு அட்டை, செத்துப்போய்விட்டது, அந்த லாரியை ஃபைலிலிருந்து கழற்றிவிட்டால்தான் சிஸ்டம் திறக்கும், நம்பர் பிளேட்டை எடுத்துக் கொடு, காத்திருக்கிறேன். இதற்குத்தான் நான் கட்டைவிரல் காட்டியிருக்கிறேன். அவரும் பிளேட்டுக்காக ஒன்பது நாள் காத்திருந்திருக்கிறார்.

அந்தப் பழைய லாரி எங்கே இருந்தது என்று நினைக்கிறீர்கள்? எங்கள் ஆபீசுக்குக் கீழே, ஒர்க்‌ஷாப்பின் பின்புறம், கியர்பாக்ஸ் இல்லாமல். தினமும் அதைத் தாண்டித்தான் நான் மாடி ஏறுவேன். மெக்கானிக்கிடம் ஸ்பேனர் வாங்கி, ஆபீஸ் சட்டையோடு மண்டி போட்டு, துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டி இரண்டு பிளேட்டையும் கழற்றினேன். மெக்கானிக் தானே கழற்றித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். எனக்கு அது தேவையாக இருந்தது.

பிளேட்டை ஒப்படைத்தோம். அடுத்து ஓடிபி. அது எங்கள் கஃபீலின், அதாவது உள்ளூர்ப் பங்குதாரரின், போனுக்குத்தான் போகும். அவர் ஒரு துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தார். மந்தூப்பின் போனைப் பார்த்துவிட்டு வெளியே எழுந்து வந்து, எண்ணை ஒருமுறைக்கு இருமுறை நிதானமாகப் படித்துச் சொன்னார். ஏன் கடைசி நேரத்தில் என்று கேட்கவில்லை. அன்றைக்கு என்னைத் திட்ட உரிமை உள்ளவர்கள் எல்லாரும் முறை வைத்துக்கொண்டு பெருந்தன்மையாக நடந்துகொண்டார்கள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

கடைசியில் சேவை மையத்தில் ஓர் அதிகாரியின் முன்னால் உட்கார்ந்தோம். அவர் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அரபியில் கேட்டதை மந்தூப் எனக்குச் சொன்னார். "இந்த ஒன்பது நாளில் வண்டிகள் ஓடினவா?"

இதைக் கேட்பார்கள் என்று தெரியும். வழியிலேயே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு என்ன சொல்வது என்று கேட்டிருந்தேன். மந்தூப், ஓடவில்லை என்று சொல்லலாம் என்றார். நானும் பாதி மனதில் அதே பக்கம்தான் நின்றேன். ஃபைல் பூட்டப்பட்டால் போவது என் வேலை மட்டுமில்லை. பதினொரு பேர். கோவில்பட்டிக்காரர் போன மாதம்தான் மனைவியையும் மகளையும் அழைத்துவரப் பேப்பர் கொடுத்திருந்தார். அந்தப் பேப்பரும் என் மேசையில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண் போனில் சொன்னது இதுதான்: "உள்ளதைச் சொல்லுங்கோ அண்ணை. எட்டு நாள் ஓடினது, தெரியாமல். இண்டைக்குப் பத்தேகாலுக்குப் பிறகு ஒண்டும் ஓடேல்லை. அதுக்கு என்னட்டை ஆதாரம் இருக்கு, அனுப்பிறன்."

அப்படியே சொன்னேன். அதிகாரியின் புருவம் ஏறியது. போனை நீட்டினேன். வண்டி எண், டிரைவர் பெயர், நின்ற இடம், நின்ற நேரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். ஒரு படத்தில் எங்கள் பட்டாணி டிரைவர் ட்ரெய்லருக்கு அடியில் பாய் விரித்து நல்ல தூக்கத்தில் இருந்தார். அதில் கொஞ்சம் நின்றார்.

"யார் நிறுத்தச் சொன்னது? நீயா?"

"இல்லை. எங்கள் ஆபீசில் ஒரு பெண்."

"முதலாளி சொன்ன பிறகா?"

"முன்னாலேயே."

அவர் எழுந்து உள்ளே போனார். மந்தூப் மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். நான் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், சமயபுரத்து அம்மனை இரண்டு தடவை. திரும்பி வந்தவர் அபராதம் போட்டார், இனி இப்படி நடக்காது என்று எழுதி வாங்கினார், கடுமையாக எச்சரித்தார். ஃபைலைப் பூட்டவில்லை. மூன்றரை மணிக்குப் புது பெர்மிட் பிரிண்டரிலிருந்து வந்தது. அதை மூன்று முறை படித்தேன். அன்றிலிருந்து வேலையை விட்டுப் போகும்வரை நான் யாரிடமும் 'முடிந்ததா' என்று கேட்டதில்லை. 'எந்தத் தேதி வரைக்கும்' என்று கேட்பேன். நீங்களும் அப்படிக் கேட்டுப் பழகுங்கள். தேதியை யாராலும் இரண்டு அர்த்தத்தில் சொல்ல முடியாது.

மையத்தின் வாசலிலேயே நின்று முதலில் கோவில்பட்டிக்காரரைக் கூப்பிட்டேன். காலையிலிருந்து எல்லையில் கிடக்கிறாரே, அவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று ஆசை.

"பெர்மிட் வந்தாச்சுப்பா. எடு வண்டிய."

"ரொம்ப சந்தோசம் சார். அக்கா சொல்லிட்டாங்களா?"

"நான்தான் சொல்றேனே. பேப்பர் என் கையில இருக்கு."

"இருக்கட்டும் சார். அக்கா ஒரு வார்த்த சொல்லட்டும், எடுத்துருதேன்."

அடுத்து தூங்கிக்கொண்டிருந்த பட்டாணியைக் கூப்பிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மேடம் போலா க்யா?" என்றார். மேடம் சொன்னாரா? மூன்றாவது ஆளும் அதையே கேட்டார். நான்காவது ஆளை நான் கூப்பிடவில்லை.

பெர்மிட்டைப் படம் எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "திகதி வடிவாத் தெரியேல்லை அண்ணை. வெயில் விழுகுது. நிழலில வச்சு இன்னொருக்கா எடுங்கோ." மந்தூப் தன் வெள்ளைக் கந்தூரா அங்கியின் ஓரத்தைப் பிடித்து நிழல் கட்டினார். இன்னொரு முறை எடுத்து அனுப்பினேன்.

இரண்டு நிமிடம் கழித்து டிரைவர்கள் குழுவில் அவருடைய வாய்ஸ் வந்தது. "பெர்மிட் பார்த்திட்டன். அடுத்த வருசம் வரைக்கும் இருக்கு. எல்லாரும் சாப்பிட்டாச்சோ? சரி, போங்கோ. சலோ பாய், ஆஹிஸ்தா." மெதுவாகப் போங்கள் என்று பட்டாணிகளுக்கும் சொல்லி முடித்தார்.

பதினாறு வருடம் அவர்கள் விசாவைப் புதுப்பித்தவன் நான். எனக்கு உறைத்திருக்க வேண்டும், ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. மந்தூப்பின் காரில் உட்கார்ந்து அந்த வாய்ஸை இன்னொரு முறை போட்டேன். அது முடிவதற்குள் எல்லையிலிருந்து கோவில்பட்டிக்காரர் குழுவில் ஒரு வரி போட்டிருந்தார்: "வண்டி எடுத்தாச்சு அக்கா."